குளிரவைத்துக் குடிக்கும் சிவப்பு: போஜோலே ஒயினும் அதற்கேற்ற சாப்பாடும்

சிவப்பு ஒயினைக் குளிரவைக்கக் கூடாது என்று யாராவது சொன்னால், எந்த ஒயினை என்று திருப்பிக் கேளுங்கள். அந்த விதி போர்தோ மாதிரியான கனத்த ஒயின்களுக்குப் பொருந்தும். அதே பிரான்சில், லியோன் நகரத்துக்கு வடக்கே விளைகிற போஜோலே என்ற சிவப்பு ஒயினைச் சற்றுக் குளிரக் குளிரத்தான் குடிக்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் தனியாக இல்லை, சாப்பாட்டோடு. ஒயின் உலகில் இதற்கு இருக்கும் மரியாதை கொஞ்சம் ஏற்ற இறக்கமானது. ஒரு பக்கம் ‘இதெல்லாம் ஒரு ஒயினா’ என்பவர்கள், இன்னொரு பக்கம் வேறெதையும் தொடமாட்டேன் என்பவர்கள். சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்க்காமல் இதை மதிப்பிடுவது வீண் என்பது என் கட்சி. ஏன் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிறேன்.

துவர்ப்பும் புளிப்பும்

ஒரு சிவப்பு ஒயினை ‘ஃப்ரெஷ்’ என்று சொன்னால், நேற்று புட்டியில் அடைத்தது என்று அர்த்தமில்லை. ஐந்து வருடம் கிடந்த ஒயினும் ஃப்ரெஷ்ஷாக இருக்கலாம். போன வருடத்து ஒயின் சோர்ந்து கிடக்கலாம். ஒரு வாய் குடித்ததும் எச்சில் ஊறுகிறதா, விழுங்கிய பிறகு நாக்கு அடுத்த வாய் கேட்கிறதா என்பதுதான் விஷயம். அதை முடிவு செய்பவை முக்கியமாகத் துவர்ப்பும் புளிப்பும்.

திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் டானின் என்ற பொருள் இருக்கிறது. கொட்டைப்பாக்கை மெல்லும்போது நாக்கும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடித்தாற்போல் வறண்டுபோகுமே, அதைச் செய்வதும் இந்த வகைப் பொருள்தான். எச்சிலில் உள்ள புரதங்களோடு டானின் ஒட்டிக்கொள்கிறது. வாய் தன் வழவழப்பை இழக்கிறது. கபர்னே சோவின்யோன் போன்ற தடித்த தோல் திராட்சையில் செய்த ஒயின்களில் இது தூக்கலாக இருக்கும். கொழுப்பு ஓடிய மாட்டிறைச்சியோடு குடித்தால் டானினுக்கு ஒட்டிக்கொள்ள வேறு புரதம் கிடைத்துவிடுவதால் அந்த ஒயின் இதமாகிவிடும். அதையே முட்டையோடோ மீனோடோ காய்கறியோடோ குடித்தால் முரண்டு பிடிக்கும்.

புளிப்பின் வேலை இதற்கு நேர் எதிர். அது எச்சிலை வரவழைக்கிறது. வாயில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் வெண்ணெயையும் கழுவிவிட்டு அடுத்த கவளத்துக்கு நாக்கைத் தயார்ப்படுத்துகிறது. துவர்ப்பு குறைந்து, புளிப்பு நிமிர்ந்து நின்று, பழ வாசனை முன்னால் வந்தால் அந்தச் சிவப்பு ஒயின் ஃப்ரெஷ். போஜோலே இந்த வகையின் பாடப்புத்தக உதாரணம்.

குளிரவைப்பதும் இதே கணக்கில்தான் வருகிறது. குளிர்ச்சி துவர்ப்பையும் கசப்பையும் எடுத்துக்காட்டும். அதனால்தான் டானின் நிறைந்த ஒயினைக் குளிரவைத்தால் வாய் வைக்க முடியாது. டானின் குறைந்த ஒயினில் எடுத்துக்காட்டுவதற்குத் துவர்ப்பு அதிகம் இல்லை. குளிரும்போது புளிப்பு கூர்மையாகி, பழம் துலக்கமாகிறது. சூடேறினால் ஆல்கஹாலின் நெடி மூக்கில் ஏறி, பழம் பின்னால் ஒதுங்கிவிடும்.

விரட்டப்பட்ட திராட்சை

போஜோலே சிவப்பு ஒயினின் திராட்சை கமே. இது முதலில் போஜோலேவுக்குச் சற்று வடக்கே இருக்கும் பர்கண்டியின் சொத்தாக இருந்தது. பினோ நுவார் என்ற பெயர்பெற்ற திராட்சையும் அங்கேதான் விளைகிறது. கமே அதைவிடச் சீக்கிரம் பழுக்கும், அதிகம் காய்க்கும். விவசாயிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் பர்கண்டியை ஆண்ட பிரபு துணிச்சல்கார பிலிப்புக்கு அது பிடிக்கவில்லை. 1395இல் ஓர் ஆணை போட்டார். கமே என்பது கெட்ட, விசுவாசமற்ற கொடி, அதன் ஒயின் கொடுமையான கசப்புடையது, மனிதருக்குக் கேடு விளைவிப்பது, எனவே அதைப் பிடுங்கி எறியுங்கள் என்பது ஆணையின் சாரம். தன் நாட்டு ஒயினின் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்ற வணிகக் கவலை அதில் இல்லாமலில்லை.

பிரபு இகழ்ந்த அந்தக் கொடி தெற்கே போஜோலே மலைச்சரிவுகளில் தன் இடத்தைக் கண்டுகொண்டது. பர்கண்டியின் சிறந்த தோட்டங்கள் சுண்ணாம்பு மண்ணில் இருக்கின்றன. போஜோலேயின் வடபாதியோ கருங்கல் பூமி. கருங்கல் உளுத்துச் சரளையான, சத்துக் குறைந்த மண். அளவுக்கு மீறிக் காய்க்கும் கமேவை அந்த ஏழை மண் கட்டுக்குள் வைத்தது. பழத்தில் சாரம் கூடியது. தென்பாதியில் களிமண்ணும் சுண்ணாம்பும். அங்கே வீடுகளெல்லாம் பொன்னிறக் கல்லில் கட்டப்பட்டிருக்கும். ஒயின் இன்னும் எளிமையானது.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. 1999இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, கமேவின் பெற்றோரில் ஒன்று பினோ, இன்னொன்று குவே பிளான் என்ற மதிப்பற்ற வெள்ளைத் திராட்சை என்று காட்டியது. புகழ்பெற்ற ஷார்தொனேவும் இதே தம்பதியின் பிள்ளைதான். பிலிப் தன் அரண்மனைத் திராட்சையின் வாரிசைத்தான் ஊரைவிட்டு விரட்டியிருக்கிறார்.

பழத்துக்குள்ளேயே நடக்கும் நொதிப்பு

திராட்சை பாதி காரணம். மீதி, ஒயின் செய்யும் முறை. சிவப்பு ஒயின் வழக்கமாக எப்படி உருவாகிறது? பழத்தைக் காம்பிலிருந்து பிரித்து, நசுக்கி, சாறு தோலோடும் விதையோடும் கிடந்து ஊற விடுவார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும். அந்த நாட்களில் தோலிலிருந்து நிறமும் டானினும் சாற்றில் இறங்கும்.

போஜோலேயில் பழத்தை முதலில் நசுக்குவதே இல்லை. குலை குலையாக அப்படியே தொட்டியில் கொட்டுகிறார்கள். அடியில் கிடக்கும் பழங்கள் மேலே உள்ள பாரத்தில் தாமே நசுங்கி, அந்தச் சாறு நொதிக்கத் தொடங்கும். நொதிப்பில் வரும் கரியமில வாயு மேலே எழும்பித் தொட்டியை நிரப்பிக் காற்றை வெளியேற்றிவிடும். இப்போது மேலே இருக்கும் முழுப் பழங்களுக்கு ஆக்சிஜன் இல்லை. அந்த நிலையில் பழத்தின் செல்களுக்குள் இருக்கும் நொதிகளே, ஈஸ்ட்டின் துணையில்லாமல், சர்க்கரையின் ஒரு சிறு பகுதியை ஆல்கஹாலாக மாற்றத் தொடங்குகின்றன. பழத்துக்குள் ஆல்கஹால் ஏறக்குறைய 2 சதவீதத்தை எட்டும்போது பழம் தளர்ந்து வெடிக்கும். இதற்குள் தோலின் நிறம் உட்சதைக்குள் இறங்கியிருக்கும். மாலிக் அமிலம் என்ற கரடான புளிப்பு கணிசமாகக் குறைந்திருக்கும். ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி, சில சமயம் வாழைப்பழம் என்று மணக்கும் பொருள்கள் உருவாகியிருக்கும்.

பிறகு எல்லாவற்றையும் பிழிந்து, சாற்றைத் தோலும் விதையும் இல்லாமல் நொதிக்க விடுகிறார்கள். பிழியும்போது வடிகிற, பாதி நொதித்த தித்திப்பான சாற்றை ஊர்க்காரர்கள் ‘பாரதி’ என்பார்கள். சொர்க்கம் என்று பொருள். நம் கவிஞரோடு இதற்குச் சம்பந்தமில்லை. அறுவடைக் காலத்தில் அங்கே போகிறவர்களுக்கு ஒரு டம்ளர் கிடைக்கலாம்.

தோலோடு ஊறும் நாட்கள் குறைவு. விதை நசுங்குவது குறைவு. அதனால் டானினும் குறைவு. மேலே சொன்ன ஃப்ரெஷ் தன்மை இப்படித்தான் பிறக்கிறது. தொட்டியில் வெளியிலிருந்தே கரியமில வாயுவை நிரப்பி, முழுப் பழங்களையும் இப்படி நொதிக்க வைக்கும் முறைக்குக் கார்போனிக் மாசரேஷன் என்று பெயர். 1930களில் மிஷேல் ஃப்லான்ஸி என்ற பிரெஞ்சு விஞ்ஞானி திராட்சையைக் கரியமில வாயுவில் கெடாமல் பாதுகாக்கப் பார்த்து, அது உள்ளுக்குள் நொதிப்பதைக் கவனித்ததிலிருந்து இந்த ஆராய்ச்சி வளர்ந்தது. போஜோலேயில் பெரும்பாலும் நடப்பது அதன் பாதி வடிவம். வாயு தானாக உருவாகும் வரை விட்டுவிடும் பழைய வழக்கம்.

குலை முழுசாக வேண்டும் என்பதால் பழத்தைக் கையால் பறிப்பதுதான் இங்கே பரவலான வழக்கம். இயந்திரம் கொடியை உலுக்கிப் பழத்தை உதிர்த்துவிடும். அதன்பின் முழுக் குலைக்கு எங்கே போவது?

நவம்பர் மூன்றாவது வியாழன்

போஜோலே என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்களில் பலர் கேள்விப்பட்டது ‘போஜோலே நூவோ’வைத்தான். அந்த ஆண்டு செப்டம்பர் வாக்கில் பறித்த பழத்தில் செய்து, நவம்பரிலேயே விற்பனைக்கு வரும் புது ஒயின் அது. லியோன் நகரத்துக் கடைகளில் புது ஒயினைப் பீப்பாயிலிருந்தே ஊற்றிக்கொடுப்பது பழைய பழக்கம். 1951இல் அதை மற்ற ஒயின்களுக்கு முன்பாகவே விற்க அதிகாரபூர்வ அனுமதி கிடைத்தது. பிறகு நவம்பர் 15 என்று நாள் குறித்தார்கள். 1985 முதல் நவம்பர் மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை. வியாழன் நள்ளிரவில் திறந்தால் வார இறுதி முழுக்க விற்கலாமே!

இதை ஓர் உலகத் திருவிழாவாக்கியதில் ஜார்ஜ் தூபோஃப் என்ற வணிகருக்குப் பெரும் பங்கு உண்டு. 2020இல் தன் 86ஆம் வயதில் இறந்தார். பூப்போட்ட லேபிள், ‘போஜோலே நூவோ வந்துவிட்டது!’ என்ற முழக்கம், முதல் புட்டியை யார் லண்டனுக்குக் கொண்டுபோவது என்று 1970களில் நடந்த பந்தயம் எல்லாம் சேர்ந்து அந்த வியாழனை நாட்காட்டியில் ஏற்றிவிட்டன. பிரான்சைவிட எட்டு மணி நேரம் முந்திப் பொழுது விடிகிற ஜப்பானில் பிரெஞ்சுக்காரர்களுக்கு முன்பே புட்டியைத் திறந்துவிடலாம். அங்கே ஒரு வெந்நீர்க் குளியல் விடுதியில் இந்த ஒயினைத் தொட்டியில் ஊற்றிக் குளிக்கவே செய்கிறார்கள். இந்த வட்டாரத்துக்குப் பெயர் தந்த போஜ்யூ என்ற சிற்றூரில் அந்த இரவு, காய்ந்த திராட்சைக் கொடிகளைக் கொளுத்தி ஊர்வலம் போய், நள்ளிரவில் பீப்பாயைத் திறக்கிறார்கள்.

நூவோ எப்படி இருக்கும்? மிட்டாய் வாசனை, வாழைப்பழ வாசனை, மெல்லிய உடம்பு. நல்ல தயாரிப்பாளர் கையில் உற்சாகமான பானம். அவசரத்தில் செய்தால் பழரசத்தோடு ஆல்கஹால் கலந்த மாதிரி. திருவிழா பெருகப் பெருக அவசரமும் பெருகியது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்காத சரக்கு தேங்கி, ஊரின் பெயரே கெட்டது. போஜோலே என்றால் இவ்வளவுதான் என்று நினைத்துப் பலர் திரும்பிப் பார்க்காமல் போனதற்கு நூவோதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். புதிதாகக் குடிப்பவர் முதல் புட்டியாக நூவோவை வாங்க வேண்டாம். லேபிளில் ‘போஜோலே-வில்லாஜ்’ என்று இருப்பதை வாங்கட்டும். வடக்கே உள்ள 38 கிராமங்களின் மண்ணிலிருந்து வருவது. விலையும் அதிகம் ஏறாது.

பெயரை மறைத்துக்கொள்ளும் பத்து ஊர்கள்

தரத்தில் இதற்கும் மேலே ‘க்ரூ’ எனப்படும் பத்து இடங்கள் இருக்கின்றன. லேபிளில் பெரிய எழுத்தில் இருப்பது ஊர்ப்பெயர்தான். போஜோலே என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காமலும் போகலாம். அதனால் பெயர்களைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. வடக்கிலிருந்து தெற்காக ஏறக்குறைய இந்த வரிசை: சேன்-அமூர், ஜூலியேனா, ஷேனா, மூலான்-ஆ-வான், ஃப்ளூரி, ஷிரூப்ல், மோர்கோன், ரெனியே, கோத் தெ ப்ரூயி, ப்ரூயி. ரெனியே கடைசியாக 1988இல் சேர்ந்தது.

பத்தையும் நாக்கில் வேறுபடுத்தத் தெரிய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மூன்றைத் தெரிந்துகொண்டால் மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஃப்ளூரி மெலிந்தது, பூ வாசனை கொண்டது. கருங்கல் மண்ணின் நளினம் அதில்தான் நன்றாகத் தெரியும். மூலான்-ஆ-வான் இந்தக் கூட்டத்தில் பலசாலி. ரோமனேஷ்-தோரான் கிராமத்தின் மேட்டில் நிற்கும் பழைய காற்றாலையின் பெயர்தான் ஒயினுக்கும். மண்ணில் மாங்கனீஸ் இருக்கிறது, அதனால்தான் ஒயினுக்கு அந்தக் கனம் என்று ஊரில் சொல்வார்கள். அங்கே சிலர் கார்போனிக் வழியை விட்டு, பர்கண்டிக்காரர்களைப் போலக் காம்பு நீக்கி, ஓக் பீப்பாயில் வளர்க்கிறார்கள். அப்படிச் செய்தது பத்து வருடத்துக்கு மேலும் தாங்கும்.

மூன்றாவது மோர்கோன். கோத் து பி என்ற குன்றின் உளுத்த பாறை மண்ணில் விளைவது செர்ரிப் பழச் சாரம் ஏறியது, சதைப்பற்று கொண்டது. வயதாக ஆக அது பினோ நுவாரை நெருங்கிப்போகிறது. பிலிப் பிரபுவிடம் ஒரு கோப்பை கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். இன்று ‘இயற்கை ஒயின்’ என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்களே, அதன் வேர்களில் ஒன்றும் இங்கேதான். ஜூல் ஷோவே (1907–1989) என்ற ஒயின் வணிகர் வேதியியலும் கற்றவர். ரசாயன உரமும் வெளியிலிருந்து வாங்கிய ஈஸ்ட்டும், கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்பைட்டும் இல்லாமல் சுத்தமான ஒயின் செய்ய முடியும் என்று சோதித்துக் காட்டினார். மோர்கோனில் மார்செல் லாபியேர், ழான் ஃபோயார் போன்றவர்கள் 1980களிலிருந்து அந்த வழியில் போனார்கள். நூவோவால் இழந்த மானத்தைப் போஜோலே மீட்டுக்கொண்டதில் இவர்களுக்குப் பெரும் பங்கு.

லியோன் மேசை

லியோனில் ஓடும் ஆறுகள் மூன்று, ரோன், சோன், போஜோலே என்று ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு உண்டு. ஒயின் தெற்கே ஒருநாள் தூரத்தில் இருக்கும் நகரத்துக்கு இறங்கிவந்து, அந்த நகரத்துச் சமையலோடு சேர்ந்தே வளர்ந்தது. எனவே எதோடு சாப்பிடலாம் என்ற கேள்விக்கு லியோனின் ‘பூஷோன்’களில் பதில் தேடுவதுதான் முறை. பூஷோன் என்பது கட்டம்போட்ட மேசைவிரிப்பு போட்ட, இடநெருக்கடியான சின்னச் சாப்பாட்டுக் கடை. அங்கே ஒயின் வருவது 46 சென்டிலிட்டர் கொள்ளும், அடிப்பக்கம் தடித்த கண்ணாடிப் புட்டியில். அந்தப் புட்டிக்குப் பெயர் ‘போ’, அப்படிக் கேட்டால் கொடுப்பார்கள்.

அந்த நகரத்தில் பட்டு நெய்த தொழிலாளர்கள் இருந்தார்கள். விடியற்காலையில் வேலைக்கு நடுவே ‘மாஷோன்’ என்று ஒரு கனத்த காலைச் சாப்பாடு சாப்பிடுவார்கள். பன்றியின் எந்தப் பாகமும் வீண்போகாது: உலர்த்திய சாசேஜ், வேகவைத்த சூடான சாசேஜ், ஈரல், குடல், மூக்கு, கால். கூடவே போஜோலே. காலை எட்டு மணிக்குப் போர்தோ குடித்துவிட்டு யாரால் தறியில் உட்கார முடியும்? அந்தச் சாப்பாட்டுக்கு லேசான, கொழுப்பை அறுக்கிற, தாகம் தணிக்கிற ஒயின் வேண்டியிருந்தது. இன்றும் மாஷோனுக்கென்றே கூடுகிற குழுக்கள் லியோனில் இருக்கின்றன.

ஆகவே முதல் துணை, பதப்படுத்திய பன்றி இறைச்சி. லியோனின் ‘ரோஸெத்’ என்ற உலர்ந்த சாசேஜை மெல்லிசாக வெட்டி, ரொட்டி, வெண்ணெய், புளிப்பேற்றிய சின்ன வெள்ளரிக்காயோடு வைத்தால், அதற்கு இதைவிட நல்ல ஒயின் எனக்குத் தெரியவில்லை. காரணம் நேரானது. இங்கே துவர்ப்பு குறைவு. கொழுப்பைப் புளிப்பு வெட்டும். வெள்ளரிக்காயின் வினிகர் புளிப்புக்கு முன்னால் மந்தமான ஒயின் தட்டையாகிவிடும், இது தாக்குப்பிடிக்கும்.

வினிகர் என்றதும் லியோனின் இன்னொரு சமையல். கோழியை வினிகரிலும் தக்காளியிலும் வேகவைத்துக் க்ரீம் சேர்ப்பார்கள். சோன் ஆற்றின் மறுகரையில் உள்ள ப்ரெஸ் வட்டாரத்துக் கோழி பிரான்சிலேயே பேர்போனது. வெள்ளை இறகு, நீலக் கால். அடுப்பில் வாட்டிய முழுக்கோழி எளிமையான சாப்பாடு, அதற்கு ஃப்ளூரி. கோழியை ஒயினிலேயே வேகவைக்கும் ‘கோக் ஓ வான்’ என்றால் மோர்கோன் அல்லது ஜூலியேனா. வாணலியில் ஊற்றிய ஒயினே கோப்பையிலும் இருந்தால் வம்பில்லை.

முட்டையோடு சிவப்பு ஒயின் சேராது என்பார்கள். மஞ்சள் கரு நாக்கில் படிந்து ஒயினை மறைத்துவிடும். பர்கண்டியிலும் லியோனிலும் இந்த விதியை மதிப்பதில்லை. சிவப்பு ஒயின் குழம்பில் மிதக்கும் முட்டை அங்கே பிரசித்தம். கசப்பான கீரையும் பொரித்த பன்றித் துண்டுகளும் போட்டு மேலே அரைவேக்காட்டு முட்டையை உடைத்துவிடும் லியோன் சாலடும் அப்படியே. இரண்டுக்கும் குளிர்ந்த போஜோலே-வில்லாஜ்.

பாலாடைக்கட்டியில் சிவப்பு ஒயின் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பது ஒரு மூடநம்பிக்கை. க்ரீமான பாலாடைக்கட்டியில் டானின் பட்டால் சுண்ணாம்பு தின்ற மாதிரி ஆகும். போஜோலே அங்கேயும் தப்பிக்கிறது. இளம் ஆட்டுப்பால் கட்டி, லியோன்காரர்கள் உருக உருகச் சாப்பிடும் சேன் மார்செலான், ப்ரீ ஆகியவை பொருந்தும். புதுத் தயிர்க்கட்டியில் பூண்டு, சின்ன வெங்காயம், பச்சை இலைகள், வினிகர், எண்ணெய் கலந்து ‘நெசவாளி மூளை’ என்று குறும்பாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கும் இதுதான். நீலப் பூசணம் ஓடிய ரோக்ஃபோர் மட்டும் வேண்டாம். அதன் உப்பும் காரமும் இந்த ஒயினை விழுங்கிவிடும்.

மீன்? சிவப்பு ஒயினும் மீனும் சேர்ந்தால் வாயில் உலோகவாடை வரும். அதில் ஒயினில் கரைந்த இரும்புக்கும் பங்குண்டு. வேகவைத்த வெள்ளை மீனோடு சிவப்பு எதுவும் வேண்டாம். ஆனால் சுட்ட சால்மன், வெளியே கருகி உள்ளே சிவந்த சூரை மீன் போன்ற சதைப்பற்றான மீன்களுக்கு, குளிர்ந்த கமே தாராளமாக ஒத்துப்போகும். சிப்பிக்கு இதைத் திறக்காதீர்கள்.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு நல்ல செய்தி. டானின் நிறைந்த ஒயினுக்கு இறைச்சிப் புரதம் தேவை, இதற்குத் தேவையில்லை. வெண்ணெயில் வதக்கிய காளான், லியோனுக்குத் தென்மேற்கே ல் பியூயில் விளையும் பச்சை நிற லெண்டில் பருப்பு, வெங்காயத்தை நன்றாக வதக்கிச் செய்த டார்ட், பாலும் பூண்டும் சேர்த்துச் சுட்ட உருளைக்கிழங்கு, பீட்ரூட் சாலட் எல்லாம் இதனோடு நன்றாகப் போகும். மண்வாசனை உள்ள காய்களும் கமேவின் செம்பழ வாசனையும் ஒன்றுக்கொன்று இடம்விடுகின்றன.

அமெரிக்கர்களின் நன்றி நவிலல் விருந்து நவம்பர் நான்காவது வியாழன். நூவோ வெளிவருவது மூன்றாவது வியாழன். எப்போதும் சரியாக ஒரு வாரம் முன்னால். வறண்ட வான்கோழிக் கறி, கிரான்பெரியின் இனிப்புப் புளிப்பு, வெண்ணெய் ஊறிய உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே தட்டில் இருக்கும் குழப்பத்துக்கு இந்த ஒயின் கச்சிதம். நூவோவுக்கு என்று ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமானால் இங்கே சொல்லலாம்.

நம் சமையலுக்கு எப்படி என்று கேட்பீர்கள். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும். டானின் அதை இன்னும் கரடாக்கும். ஆகவே காரத்தின் பக்கத்தில் 14.5 சதவீத ஆல்கஹால் கொண்ட கனத்த சிவப்பு ஒயினை வைப்பது நாக்குக்குச் செய்யும் அநியாயம். 12, 12.5 சதவீதத்தில் நிற்கும் லேசான போஜோலே, குளிர்ந்திருந்தால், மிதமான காரத்தைத் தாங்கும். மிளகு தூக்கலான வறுவல் பொருந்தும். மிளகாய் தூக்கலான குழம்புக்கு எந்தச் சிவப்பு ஒயினும் அவ்வளவாக உதவாது. வெயில் கூடிய அண்மை ஆண்டுகளில் போஜோலேயிலும் ஆல்கஹால் 14ஐத் தொடுகிறது என்பதால் லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

இனிப்புப் பண்டம், சாக்லேட் இரண்டோடும் வைக்காதீர்கள். இனிப்பின் பக்கத்தில் இது வெறும் புளித்தண்ணீராகிவிடும்.

எவ்வளவு குளிர்?

‘அறை வெப்பநிலையில் பரிமாறவும்’ என்பது கணப்பு மூட்டிய ஐரோப்பியக் கல்வீடுகளில் பிறந்த அறிவுரை. அந்த அறை 16, 18 டிகிரி செல்சியஸ் இருந்திருக்கும். 30 டிகிரி அறையில் அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டால் எந்தச் சிவப்பு ஒயினும் கெட்டுவிடும். நூவோவுக்கும் சாதாரண போஜோலேவுக்கும் 12 டிகிரி வாக்கில் இருந்தால் நல்லது. ஃப்ளூரி, மோர்கோன் 14. வயதான மூலான்-ஆ-வான் 16.

நம் வீட்டு வெயிலில் கிடந்த புட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்தால் ஏறக்குறைய அந்த இடத்துக்கு வரும். விருந்தாளி வந்துவிட்டாரென்றால் ஒரு வாளியில் ஐஸும் தண்ணீரும் கலந்து புட்டியைக் கழுத்துவரை முக்கிவையுங்கள். கால் மணி நேரம் போதும். வெறும் ஐஸைவிடத் தண்ணீர் கலந்தது வேகமாக வேலை செய்யும், ஏனென்றால் அது புட்டியின் உடம்பெங்கும் படுகிறது. கொஞ்சம் அதிகமாகக் குளிர்ந்துவிட்டாலும் பாதகமில்லை. கோப்பையில் ஊற்றியபின் தானே ஏறும். முதல் வாயிலிருந்து கடைசி வாய் வரை வாசனை மாறுவதைப் பார்ப்பது ஒரு சுவாரசியம். பெரிய கோப்பை எதற்கும் அவசியமில்லை. லியோன் கடைகளில் குட்டை டம்ளரில்தான் ஊற்றுகிறார்கள்.

திறந்த புட்டியை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு நாள், நல்ல க்ரூ என்றால் மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் மிஞ்சியதை வெங்காயமும் காளானும் வதங்கும் வாணலியில் ஊற்றிச் சுண்டவிட்டு, ஒரு கட்டி வெண்ணெய் போட்டு இறக்குங்கள். அரைவேக்காட்டு முட்டைமேல் ஊற்ற அருமையான குழம்பு.